கேற்றிலிருந்து வீடு வரை வாகனப் பாதை: மணல் நிலத்துக்கு எந்தத் தளம் பொருத்தம்?

கேள்வி: கல்லடி வளவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருக்கிறது. கேற்றிலிருந்து போர்ட்டிக்கோ வரை ஏறத்தாழ 50 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட பாதைக்கு நிலையான தளம் ஒன்று போட எண்ணியுள்ளோம். நாள்தோறும் ஒரு காரும் மோட்டார் சைக்கிளும் வந்து போகும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமும் உள்ளே வரும். இப்போது வெறும் மணலாகையால் சில்லுகள் புதைகின்றன. ஊன்றுகோலுடன் நடக்கும் அம்மாவுக்கு அது பெரும் சிரமமாக இருக்கிறது.

மேசன் முழுவதும் கொங்கிரீட் போடச் சொல்கிறார். உறவினர்கள் ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கும் இன்டர்லொக் கல்லே அழகு என்கிறார்கள். எனக்குள்ள கவலை மழைநீரைப் பற்றியது. வீதியைக் கொங்கிரீட் போட்டு உயர்த்திய பிறகு எங்கள் வளவு வீதியை விடத் தாழ்ந்துவிட்டது. மாரியில் வீதி வெள்ளம் கேற்றுக்குள்ளால் இறங்குகிறது. பாதையிலிருந்து 15 அடி தூரத்தில் குடிநீர்க் கிணறும், கேற்றடியில் ஒரு வேம்பும், பாதையோரம் இரண்டு தென்னைகளும் உள்ளன. இவற்றுக்குக் கேடில்லாமல் எதைத் தெரிவு செய்யலாம்?

பதில் 1: காத்தான்குடி கட்டடவேலை

வணக்கம் சகோதரரே. உங்கள் நிலத்துக்கு நான் இன்டர்லொக் கல்லையே சொல்வேன். அதற்குக் காரணம் அழகு அல்ல, உங்கள் கிணறு. கற்களின் இடுக்குகள் வழியே மழைநீர் ஓரளவுக்கு மண்ணுக்குள் இறங்கும். நம்முடைய இந்த மணற்கரையில் கிணற்றில் நல்ல தண்ணீர் நிற்பதற்குக் காரணம், மாரி மழை நேரே மணலுக்குள் இறங்கிக் கீழேயுள்ள உப்புத் தண்ணீரின் மேல் நன்னீராகத் தங்குவதுதான். வளவு முழுவதையும் சீமெந்தால் மூடி மழைநீரை வீதிக்கும் வாவிக்கும் அனுப்பிக்கொண்டே போனால், வரட்சிக் காலத்தில் கிணற்று நீர் உவர்ப்பதற்கு நாமே வழி செய்கிறோம். ஒரு வீட்டுப் பாதையால் ஊரின் தண்ணீர் கெட்டுவிடாதுதான். ஆனால் இன்று நம் தெருக்களில் எல்லா வளவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பதைக்கிறது.

கல்லை விட அடித்தளமே முக்கியம். மணல், பக்கவாட்டில் நகர இடமில்லாமல் அடைபட்டிருக்கும் வரை நன்றாகப் பாரம் தாங்கும். நகர இடம் கிடைத்தால் கல் தாழ்ந்துவிடும். எனவே முதலில் 9 அங்குலமளவு தோண்டி, மணலை நனைத்து இறுக்கி, அதன்மேல் நீர் புகவிடும் துணி விரிப்பைப் போட்டு, 5 அல்லது 6 அங்குலத்துக்குக் கருங்கல் சல்லி அடித்தளம் இட்டு, கொம்பெக்டர் இயந்திரத்தால் இரண்டு படையாக இறுக்க வேண்டும். இரு பக்கமும் கொங்கிரீட் விளிம்புக் கட்டு அவசியம். விளிம்பு இல்லாத இன்டர்லொக் பாதை, கார் திரும்பும் இடத்திலிருந்து பிரியத் தொடங்கும். சல்லிக்கு மேல் 1 முதல் 1½ அங்குலம் வரை பரும்படியான ஆற்று மணலைப் பரப்பிக் கல்லை அடுக்கலாம்.

கார் மட்டும் என்றால் 60 மில்லிமீற்றர் கல் போதும். உழவு இயந்திரம் வருவதால் 80 மில்லிமீற்றர் கல்லை எடுங்கள். மீன்முள் வடிவில் அடுக்கினால் சில்லு திரும்பும் விசையை எல்லாக் கற்களும் பகிர்ந்துகொள்ளும். வாங்கும்போது இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை வர வேண்டும். மூலையை ஆணியால் கீறும்போது மாவாக உதிர்ந்தால் அந்தக் கல் வேண்டாம்.

பதில் 2: சம்மாந்துறை வயற்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். மேலே சொன்னவரின் அடித்தளக் கணக்கோடு எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் செலவையும் அம்மாவின் நடையையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. சில்லுகள் ஓடும் இடத்தில் மட்டும் இரண்டரை அடி அகலத்தில் இரண்டு கொங்கிரீட் தடங்களைப் போட்டு, நடுவில் புல்லையோ சல்லியையோ விடலாம். பாதையின் பாதிப் பரப்பு மழைக்குத் திறந்தே இருக்கும். காருக்கும் உழவு இயந்திரத்துக்கும் சில்லு இடைவெளி ஒன்றல்ல என்பதால், இரண்டையும் அளந்த பின்பே தடங்களின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

உழவு இயந்திரத்துக்காகத் தடம் 5 அங்குலத் தடிப்பு இருக்கட்டும். 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கலவையை ஆற்று மணலில் போடுங்கள். கடற்கரை மணல் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது என்று யாராவது அதைக் கலந்தால், அதிலுள்ள உப்பு உள்ளே போடும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துக் கொங்கிரீட்டைப் பிளந்துவிடும். 8 அல்லது 10 அடிக்கு ஒரு வெட்டு, தடிப்பில் கால்வாசி ஆழத்துக்கு இருக்க வேண்டும். கொங்கிரீட் சுருங்கும்போது வெடிப்பு அந்த வெட்டுக்குள் அடங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் கொங்கிரீட் போடவே கூடாது. மேற்பரப்பு ஈரம் காற்றோடு போய், அன்று மாலைக்குள்ளேயே மயிரிழை வெடிப்புகள் தோன்றும். மாலையில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, 7 நாட்கள் தண்ணீர் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம்போல் வயலை நிரப்பிய களிமண் நிலத்தில் இதை வாசிப்பவர்கள், ஒரு மாரியைக் கழித்து நிரப்பிய மண் அடங்கிய பிறகே எந்தத் தளத்தையும் போடுங்கள்.

பதில் 3: திருக்கோவில் ஆசிரியை

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதால் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் நடமாட்டம் குறைந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். உதிரிச் சல்லி மழைநீரை நன்றாக விடும், செலவும் குறைவு; ஆனால் ஊன்றுகோலின் முனையும் சக்கர நாற்காலியும் அதில் சிக்கும். கிறவல் மாரியில் சேறாகும், கோடையில் புழுதியாகும். பளபளப்பான தரை ஓடுகளை வெளியில் பதிக்கவே வேண்டாம். கொங்கிரீட் தடம் என்றால், ஈரம் காயும் முன் தும்புத்தடியால் குறுக்கே மெல்ல இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். வேம்பின் நிழலில் மார்கழி முழுவதும் பாசி பிடிக்கும். அந்தப் பகுதியை மட்டும் அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டும். தடங்களின் நடுவிலுள்ள மண் கொங்கிரீட்டை விடத் தாழாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். அந்த விளிம்புப் படியில்தான் கால் தடுக்கும்.

கேள்வி கேட்டவர்: கல்லடி வளவு

மூவருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்குத் தடுக்காத ஒரே சமதளம் வேண்டும் என்பதால் இன்டர்லொக் பக்கமே மனம் சாய்கிறது. வீதியிலிருந்து இறங்கும் வெள்ளத்தையும் மரவேர்களையும் என்ன செய்யலாம்?

பதில் 4: காத்தான்குடி கட்டடவேலை

கேற்றின் உட்பக்கத்தில் பாதைக்குக் குறுக்கே 6 அங்குல அகலத்தில் ஒரு வடிகான் கட்டி, வாகனப் பாரம் தாங்கும் இரும்புக் கம்பித் தட்டால் மூடுங்கள். அந்த நீரை வளவின் ஓரத்தில் சல்லி நிரப்பிய ஊறல் குழிக்கு விடலாம். வீதி வெள்ளம் அழுக்கோடு வருமாதலால் அக்குழி கிணற்றிலிருந்து இயன்ற அளவு தூரத்தில் இருக்கட்டும். பாதைக்கு, கிணறு இல்லாத பக்கமாக, 10 அடி அகலத்துக்கு 2 அங்குலச் சாய்வு கொடுங்கள்.

தென்னையைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் வேர்கள் பருப்பதில்லை, தளத்தைத் தூக்குவதும் அரிது. வேம்பின் வேர் ஆண்டுக்காண்டு பருக்கும். அதன் அடிமரத்தைச் சுற்றித் தாராளமாக மண்ணை விட்டு, விளிம்புக் கட்டை அந்த இடத்தில் வளைத்துக் கட்டுங்கள். பெரிய வேரை வெட்டினால் வாடைக்காற்றுக்கு மரம் சாயலாம். பிற்காலத்தில் வேர் கல்லைத் தூக்கினாலும், அந்த இடத்துக் கற்களை மட்டும் கழற்றி மட்டம் பார்த்துத் திரும்பப் பதிக்கலாம். கொங்கிரீட்டில் அந்த வசதி இல்லை.

தோண்டத் தொடங்கும் முன், மலசலகூடக் குழியின் மூடியும் தண்ணீர்க் குழாயும் பாதைக்குக் கீழே போகின்றனவா என்று பாருங்கள். குழாய் குறுக்கே போனால் பெரிய பிவிசி குழாயொன்றுக்குள் அதை விட்டுவிட்டு, அதன் பிறகு சல்லியைக் கொட்டச் சொல்லுங்கள்.