“இது மாமாவோட கடனாப்பா?”

“90 அடி ரோடு” என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். பெரிதாக ஒன்றுமில்லை, பத்து நிமிஷம். தாராவியில் கீழே ஒரு கோலி, அதாவது ஒரு அறை, ஏணி வைத்து மேலே ஒன்று, அவ்வளவுதான் வீடு. பக்கத்து வீட்டு டிவி சீரியல் இங்கே தெளிவாகக் கேட்கும். அதற்கு நடுவில்தான் ஜெபம்.

மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தி, தமிழ் கிடையாது. அதனால் அவள் அம்மா ஒரு ஏற்பாடு செய்தாள்: பைபிளில் மத்தேயுவிலிருந்து நாளுக்கு ஒரு வசனம், எழுத்துக்கூட்டியாவது பிள்ளைதான் வாசிக்க வேண்டும். முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றில் சொரொபாபேல் வந்த அன்று அழுதே விட்டாள். ஐந்து மாதமாகிறது, இப்போது பரவாயில்லை.

நேற்று 6ஆம் அதிகாரம், 12ஆம் வசனம். “எங்கள் க... ட... னா... ளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இது மாமாவோட கடனாப்பா?”

விஷயம் இதுதான். என் மனைவியின் தம்பி கல்யாணில் வாடகைக்கு வீடு பிடிக்கும்போது டெபாசிட்டுக்காக என்னிடம் 60,000 வாங்கினான். கிறிஸ்மஸுக்குள் தருகிறேன் என்றான். 8,000 வந்தது. அப்புறம் பேச்சே இல்லை. நடுவில் ஒரு பைக் வாங்கிவிட்டான், அதுவும் எனக்கு வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். நான் தோல் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். வீட்டிலும் ஒரு நீள நோட்டு உண்டு. அதில் அவன் பேரில் 52,000 நிற்கிறது. ஏழு மாதமாகப் போக்குவரத்து இல்லை. நான் தடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் கல்யாண் என்ற பேரை எடுத்தாலே என் முகம் எப்படி இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைக்கு நான் சொன்ன பதில்: “இல்லம்மா, இங்கே கடன்னா பாவம்னு அர்த்தம்.” அவள் விடவில்லை. “அப்போ பாவம்னே எழுதியிருக்கலாமே?” என் மனைவி எழுந்து போய், அடைத்திருந்த கேஸைத் திரும்ப அடைத்தாள்.

கோயிலில் நாங்கள் சொல்வது “எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு” என்றுதான். நாற்பது வருஷமாகச் சொல்கிறேன், கடன் என்ற வார்த்தை அங்கே கண்ணில் பட்டதே இல்லை. உண்மையில் பணக்கடன்தானா அது? அப்படியென்றால் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிப்பதா? பிள்ளைக்கு என்ன சொல்ல? தயவுசெய்து “எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

செம்பூர் டீச்சர்:

உங்கள் மகள் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள் தம்பி. மத்தேயுவில் கிரேக்கத்தில் இருப்பது கொடுக்கல் வாங்கலில் புழங்கும் சொல்தான். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் உண்டு. லூக்கா 11:4 எடுத்துப் பாருங்கள். அங்கே நம் பக்கம் “பாவங்கள்” ஆகிவிட்டது, அடுத்தவன் பக்கம் மட்டும் “கடன்பட்ட எவனுக்கும்” என்று அப்படியே நிற்கிறது. நீங்கள் சொன்னதும் பொய்யில்லை, அவள் கேட்டதும் தப்பில்லை.

நான் ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். ஒருமுறை இந்த வசனத்துக்கு ஒரு பையன் எழுந்து, “காலைக்கடனா டீச்சர்?” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்து வெளியே நிற்க வைத்தேன். செய்தே தீர வேண்டியதற்கெல்லாம் நாம் கடன் என்றுதான் சொல்கிறோம் என்பது பிற்பாடுதான் உறைத்தது. அவனை வைத்தே பாடம் நடத்தியிருக்கலாம்.

நாக்கா பெயின்டர்:

அண்ணாச்சி, நான் பெயின்டிங் காண்ட்ராக்ட் எடுக்கிறவன். வேதம் அதிகம் தெரியாது, கூலிக்கணக்கு தெரியும். மத்தேயு 18இல் ஒரு வேலைக்காரன் தன் உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறானே, “நூறு வெள்ளிப்பணம்” கடனுக்காக. பிரசங்கத்தில் எல்லாம் அதை அற்பக் காசு என்பார்கள். எனக்கு அது எப்போதும் இடிக்கும். 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்துக் கூலி நாளைக்கு ஒரு பணம். அப்போ நூறு பணம் நூறு நாள் கூலி. நான் ஹெல்பருக்கு 700 கொடுக்கிறேன். 70,000 ஆகிறது. உங்கள் மச்சினன் வாங்கினதைவிட 10,000 கூட! அதை அற்பம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கூலி வேலை தேடி நாக்கா முச்சந்தியில் காலை ஏழு மணிக்கு நிற்கிறவனிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் அந்தத் தொண்டையைப் பிடித்தவன் ராஜாவுக்குப் பட்டிருந்தது பதினாயிரம் தாலந்து. அதை முழுக்க ராஜா மன்னித்த பிறகுதான் அவன் இதைச் செய்கிறான். ஒரு தாலந்து 6,000 பணம் என்று எங்கள் சபை ஐயர், அதாவது பாஸ்டர், சொன்னார். பெருக்கினேன்: 6 கோடி நாள் கூலி. என் ஹெல்பர் ரேட்டில் 4,200 கோடி ரூபாய். வருஷத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் ராஜாவுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று புரிந்தது.

பக்கத்தைக் கிழிக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. உபாகமம் 24இல் ஒரு சட்டம் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கும்: கடன் கொடுத்தவன் அடகு வாங்க அவன் வீட்டுக்குள் போகக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவனே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடன்காரன் பிள்ளைகளுக்கு முன்னால் அவனை அவமானப்படுத்தாதே என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும், மன்னியுங்கள், மறுபடி கொடுக்காதீர்கள்.

செம்பூர் டீச்சர்:

கடைசி வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். மத்தேயு 5:42, “கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே.” அதே மலைப்பிரசங்கம்தான்.

90 அடி ரோடு:

எண்ணிப் பார்த்தேன். அந்த வசனத்தை என் மகள் கடன் வசனத்துக்குப் பதினெட்டு நாளைக்கு முன்னால் இதே பாயில் உட்கார்ந்து வாசித்திருக்கிறாள். முகங்கோணாதே என்றால் என்ன என்று கேட்டதற்கு, “மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே” என்று நானே அர்த்தம் சொன்னேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தைக்கவில்லை.

அம்பர்நாத்:

நான் வாங்கின பக்கத்திலிருந்து எழுதுகிறேன் அண்ணே. 2020 லாக்டவுனில் என் வீட்டுக்காரருக்கு ஆறு மாதம் சம்பளம் இல்லை. அக்கா புருஷனிடம் 40,000 வாங்கினோம். கொடுக்க முடியாதபோது என்ன ஆகும் தெரியுமா? பணத்தைப் பற்றி யோசிப்பது நின்றுவிடும், அவர் முகத்தைத் தவிர்ப்பதுதான் வேலையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்தால் நாங்கள் இடப்பக்கம் கடைசி பெஞ்சு. கோயில் விருந்தில், அசனத்தில், அவர்கள் முதல் பந்தி என்றால், நாங்கள் மூன்றாம் பந்திவரை பிள்ளைகளைப் பசியோடு வைத்திருப்போம். என் மகன் ஒருநாள் பெரியப்பா என்று கூப்பிட்டு ஓடினான். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த இழுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

அத்தான்தான் முதலில் வந்தார். “எவ்வளவு தருவே” என்று கேட்கவில்லை, “மாசம் எவ்வளவு முடியும்” என்று கேட்டார். ஆயிரம் என்றோம். மூன்று வருஷம் ஆயிற்று. கடைசி 4,000ஐ அவரே வேண்டாம் என்றுவிட்டார். மொத்தத்தையும் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் அவர் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டோம், இது சத்தியம்.

இன்னொன்று. பைக் வாங்கினது எதற்கு என்று கேட்டீர்களா?

90 அடி ரோடு:

கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.

ஆராதனை முடிந்து மூன்று பேரும் சயானில் வண்டி ஏறினோம். தண்டவாள வேலைக்காக மெகா பிளாக், எல்லா வண்டியும் லேட்டு. அன்றைக்கு வாசிக்க வேண்டியது 15ஆம் வசனம். மற்றவர்களை நீங்கள் மன்னிக்காவிட்டால் பிதாவும் உங்களை மன்னிக்க மாட்டார் என்கிற வசனம். அதை அங்கே வைத்து, மைத்துனனுக்கு முன்னால் பிள்ளை வாசித்தால் நான் ஆள் வைத்துப் பிரசங்கம் பண்ணின மாதிரி ஆகிவிடும் என்று பைபிளை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

உபாகமத்தில் சொன்னபடி வெளியே நின்றேன். உண்மையைச் சொன்னால் சட்டத்துக்காக இல்லை, உள்ளே போகக் கால் வரவில்லை. கீழே அந்த பைக் நின்றது. பின்னால் சாப்பாடு டெலிவரிக்காரர்கள் வைக்கிற பெட்டி, மழைக்குப் பாலித்தீன் சுற்றி இருந்தது. பகலில் கம்பெனி, ராத்திரி ஏழிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அந்த வேலையாம். நானோ அவன் ஊர் சுற்றுகிறான் என்று ஏழு மாதம் நோட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

அவன் மகள் ஓடி வந்து என் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் நான் எங்கே வெளியே நிற்பது? மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டேன். 1,500 என்றான். சரி என்றேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் அவன் என் முகத்தையே பார்க்க மாட்டான், அம்பர்நாத் தங்கச்சி சொன்னது சரியாகப்பட்டது.

கிளம்பும்போது என் அத்தை, அதாவது மகளுக்கு ஆச்சி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு 500 ரூபாய்த் தாளை என் சட்டைப்பையில் திணித்தார்கள். “அவன் தராட்டா என் கணக்குல எழுதிக்கிடும் மாப்பிள்ளை. அவன் மேல மட்டும் முகத்தைக் காட்டாதீரும்.” எழுபது வயதில் மாதம் ஆயிரம் ரூபாய் கையில் இருந்தால் பெரிது. வாங்க மாட்டேன் என்றேன், விடவில்லை.

செம்பூர் டீச்சர்:

அடிமை ஒநேசிமுக்காகப் பவுல், அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதினாரே, “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்” என்று. 18ஆம் வசனம். உங்கள் அத்தைக்கு அது தெரியுமோ தெரியாதோ!

90 அடி ரோடு:

அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது டீச்சர். கேட்டுக் கேட்டு மனதில் இருப்பதுதான்.

நோட்டில் ஒரு வரி ஏறியது: “ஆச்சி, 500.” பாக்கி 51,500. மகளுக்குக் காட்டினேன், கூட்டல் கழித்தலைச் சரிபார்த்தாள். நேற்று அவள் 19ஆம் வசனத்துக்கு வந்துவிட்டாள். துரு என்றால் என்னப்பா என்று கேட்டாள். ஜன்னல் கிரில்லைக் காட்டினேன். போன மழைக்கே பெயின்ட் அடித்திருக்க வேண்டியது.