மறு: நொதி உற்பத்தியில "ஆப்டிமைசேஷன்" – மேம்படுத்தலா, உகப்பாக்கமா, வேற சொல்லா?

எல்லாருக்கும் வணக்கம்,

மூணு நாளா இந்த இழையைப் படிச்சுட்டே இருக்கேன், எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போச்சு. செல்லுலோஸைச் சிதைக்கிற நொதியை பாக்டீரியாகிட்டேருந்து வாங்கறதுதான் என் அன்றாட வேலை. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது ஆப்டிமைசேஷன்னு, அதாவது எது எது எந்த அளவுல இருந்தா நொதி நல்லா கெடைக்கும்னு தேடற வேலைன்னு, வாய்ல வருது, அதுக்குத் தமிழ்ல நிறைவா ஒரு சொல்லு இல்லாதது எனக்கு ரொம்ப நாளாவே உறுத்தல்.

மொதல்ல செல்லுலேஸ், நான் சொன்ன அந்தச் செல்லுலோஸ் சிதைக்கிற நொதியோட பேரு. அதைத் தமிழாக்காம அப்படியே விட்டுடலாம்ங்கறது என் கருத்து. 1833ல கண்டுபிடிச்ச டயாஸ்டேஸ்ங்கற நொதியோட வால் தான் இந்த "ஏஸ்", எந்த மொழிக்காரன் பாத்தாலும் இது நொதின்னு தெரிஞ்சுடும். அதோட செல்லுலேஸ்ங்கறது ஒத்தை நொதியும் கிடையாது, ஒன்னு செல்லுலோஸோட குளுக்கோஸ் சங்கிலியை நடுவுல வெட்டும், இன்னொன்னு நுனியிலேருந்து ரெண்டு ரெண்டு குளுக்கோஸா கழட்டும், மூணாவது அந்த ரெட்டையைப் பிரிச்சுத் தனிக் குளுக்கோஸ் ஆக்கும். போன மடல்ல ஒருத்தர் நடுவெட்டி, நுனிவெட்டி, இணைபிரின்னு எழுதியிருந்தாரு, அது மூணும் எனக்கு ரொம்பப் பிடிச்சுது, கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். "உற்பத்தி மேம்படுத்தல்", "உற்பத்திப் பெருக்கம்", "உச்சமாக்கல்" இந்த மூணுக்கும்தான் இதுவரைக்கும் ஆதரவு நிறைய விழுந்திருக்கு. மூணுமே தப்பான படத்தை மனசுல போடுதுன்னு நெனக்கிறேன், ஏன்னு ஒரு தட்டை வச்சுச் சொல்றேன்.

சிஎம்சி (தண்ணியில கரையற மாதிரி மாத்தின செல்லுலோஸ்) கலந்த அகார் தட்டுல பாக்டீரியாவைப் புள்ளி புள்ளியா வச்சு ரெண்டு நாள் வளர விட்டு, மேல 0.1 சதவீத காங்கோ சிவப்புக் கரைசலை ஊத்தி, கால் மணி நேரம் கழிச்சு அதைக் கவுத்துட்டு உப்புக் கரைசலால அலசணும். தட்டு முழுக்க செவப்பா நிக்கும், ஏன்னா அந்தச் சாயம் நீளமான செல்லுலோஸ் சங்கிலியைப் புடிச்சுக்கும். நொதி எங்கெல்லாம் சங்கிலியைத் துண்டு துண்டா வெட்டிடுச்சோ அங்க சாயத்துக்குப் பிடிமானம் இருக்காது, புள்ளியைச் சுத்தி வெளிறின மஞ்சள் வளையம் விழும். தட்டைக் கவுத்து அடியில அளவுகோலை வச்சா வளையத்தோட விட்டம் கெடச்சுடும். இதுல புதுசா வர்ற பசங்க எல்லாரும் மொதல்ல பெரிய புள்ளியைத்தான் காட்டுவாங்க, கொழுகொழுன்னு வளர்ந்திருக்கும், ஆனா வளையம் ஒரு நூலளவு. பக்கத்துல ஒரு சின்னப் புள்ளி, அதைச் சுத்தி அதைப்போல நாலு மடங்குக்கு வளையம். நமக்கு வேணுங்கறது அந்தச் சின்னது, அதனாலதான் வளையத்தோட விட்டத்தைப் புள்ளியோட விட்டத்தால வகுத்துப் பாக்கறோம்.

குடுவையிலயும் இதே கதைதான். ஊடகத்துல, அதாவது பாக்டீரியாவை வளக்கற சத்துக் கரைசல்ல, குளுக்கோஸை அள்ளிப் போட்டா பாக்டீரியா சந்தோஷமா வளரும், குடுவை கலங்கிப்போயிடும், நொதியை அளந்து பாத்தா ஒன்னும் இருக்காது. கையில ரெடியா சர்க்கரை இருக்கறப்ப செல்லுலோஸை வெட்டற கருவி அதுக்கு எதுக்கு, அந்த மரபணுவையே அடக்கி வச்சுடும் (இந்த அடக்கலுக்கும் ஒரு நல்ல சொல்லு வேணும், அதுக்குத் தனி இழை போடறேன்). ஆக வளர்ச்சியோட உச்சம் வேற, நொதியோட உச்சம் வேற.

ஒரு அனுபவம். ஒரு ஆய்வேட்டுக்குத் தமிழ்ச் சுருக்கம் எழுதித் தந்தப்ப "ஊடக மேம்பாடு"ன்னு போட்டிருந்தேன். படிச்ச ஒருத்தர் கேட்டாரு, மேம்படுத்தினோம்னு எழுதியிருக்கீங்க, ஆனா கடைசி அட்டவணையில ஈஸ்ட் சாறு ஆரம்பத்துல இருந்ததுல பாதிதான் இருக்கு, குளுக்கோஸ் சுத்தமா இல்ல, எல்லாத்தையும் கொறச்சிருக்கீங்க, இதுல ஊடகம் எங்க மேம்பட்டுதுன்னு. அவர் கேட்டது நியாயம், நான் போட்ட சொல்லுதான் அவரைத் தப்பான பக்கம் கூட்டிட்டுப் போயிருக்கு.

"உச்சமாக்கல்" சொன்னவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலையோட கணக்குல குன்று மாதிரி ஒரு வரைபடம் வரும்னு உங்களுக்கே தெரியும், 1951ல பாக்ஸும் வில்சனும் போட்ட புள்ளியியல் வழி அது. தரையில ஒரு பக்கம் பிஹெச் (அமில-காரத் தன்மையோட அளவு), இன்னொரு பக்கம் வெப்பநிலை, உயரம்ங்கறது நொதியோட அளவு. உச்சி இருக்கறது உயரத்துக்கு. நாம தேடி எடுக்கறது அந்த உச்சிக்கு நேர் கீழ தரையில இருக்கற புள்ளியை, அந்தப் புள்ளி பெரும்பாலும் எந்த ஓரத்துலயும் இருக்காது, நடுவுல எங்கயோ இருக்கும். பிஹெச்சை உச்சமாக்கினா பாக்டீரியா செத்துடும்.

ஒவ்வொரு காரணியா தனித்தனியா மாத்திப் பாக்கறவங்க அந்தப் புள்ளியைத் தவற விடறதும் இதனாலதான், ஒன்னோட சரியான அளவு இன்னொன்னைப் பொறுத்து நகரும். அதுக்காக எல்லாச் சேர்க்கையும் பாக்க முடியுமா, 11 காரணியை மேல் கீழ்னு ரெண்டு நிலையில முழுசா பாத்தா 2048 குடுவை ஆகும். பிளாக்கெட்டும் பர்மனும் 1946ல தந்த சோதனை அமைப்புல 12 குடுவையில எது முக்கியம்னு சலிச்சுடலாம், மிஞ்சற மூணு காரணியை பாக்ஸ்-பென்கென்ங்கற இன்னொரு சோதனை அமைப்புல வச்சா, எல்லாமே நடு அளவுல இருக்கற குடுவை மூணோட சேத்து 15 குடுவை. அவ்வளவுதான் மொத்த வேலையும், சலிக்கறது, அப்புறம் நடுவைக் கண்டுபிடிக்கறது.

"உகப்பாக்கம்" இதுக்குக் கிட்ட வருது, ஒத்துக்கறேன். தேடுபொறி உகப்பாக்கம்னு ஏற்கனவே புழங்குது. ஆனா எங்க துறையில ஒரு சங்கடம் இருக்கு. "உகந்த வெப்பநிலை"ன்னு பாடநூல்ல சொல்றது நொதி நல்லா வேலை செய்யற வெப்பநிலையை. பேசில்லஸ்ங்கற பாக்டீரியா வகையில பலதும் நொதியை நிறைய சுரக்கறது 37 டிகிரிப் பக்கம், சுரந்த நொதி நல்லா வெட்டறது 50, 60 டிகிரியில. ரெண்டையும் உகந்த வெப்பநிலைன்னே எழுதினா படிக்கறவன் 50 டிகிரியில குடுவையைக் கொண்டுபோய் வைப்பான். அதனால உகந்த, உகப்பு இதெல்லாம் நொதியோட குணத்துக்கே இருக்கட்டும். நாம தேடிக் கண்டுபிடிக்கற செயலுக்கு வேற வேர் வேணும்.

என் பரிந்துரை "பதம்". மண்ணு பதமா இருக்கு உழலாம்னு சொல்றோம், அப்ப ஈரம் கூடவும் இல்ல கொறையவும் இல்ல. ஈரப்பதம்ல இருக்கற பதம், தோல் பதனிடறதுல இருக்கற பதம். அதிகம்ங்கற வாடையே இந்தச் சொல்லுல கெடையாது, தொட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கறதுங்கற அர்த்தமும் கூடவே வருது. ஆகவே ஆப்டிமைசேஷன் = பதங்காணல். பதங்கண்ட ஊடகம், பதங்காணாத ஊடகம், செல்லுலேஸ் உற்பத்திக்குப் பதங்கண்டோம். வினையா நல்லா வளையுது பாருங்க.

– – –

மறுமொழி:

அய்யா, விளக்கம் அருமை, குளுக்கோஸ் உதாரணத்தோட நான் "பெருக்கம்"ல இருந்து விலகிட்டேன். ஆனா பதங்காணல் வேதியியல்காரங்க கண்ணுல இடிக்கும். அயோடின் நேரா ஆவியாகறதுக்குப் பள்ளிப் பாடத்துல "பதங்கமாதல்"னு இருக்கு. வேகமா படிக்கறப்ப ரெண்டும் ஒன்னு மாதிரியே தெரியுது, அதுவும் ரெண்டும் ஒரே ஆய்வுக்கூடத்துல புழங்கப்போற சொல்லு. இன்னொன்னு, பதம்னா சொல்லுங்கற அர்த்தமும் இருக்கே, பதவுரைன்னு சொல்றோமே.

– – –

மறுமொழி:

பதங்கமாதல் எனக்குத் தோணவே இல்ல, சுட்டிக்காட்டினதுக்கு ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தேன், நீங்க சொல்றது சரி, மாணவர்கள் கட்டாயம் குழம்புவாங்க.

பதவுரை பத்தி எனக்குக் கவலை இல்ல. ஊடகம், வெப்பநிலை, குடுவை நடுவுல வர்ற பதத்தை யாரும் சொல்லுன்னு எடுத்துக்க மாட்டாங்க, ஈரப்பதத்தை யாரும் ஈரமான சொல்லுன்னு படிக்கறதில்லையே.

அதனால வேரை வச்சுக்கிட்டு வாலை மாத்தறேன். "பதமாக்கல்" மொதல்ல தோணுச்சு, அது பதப்படுத்தலோட போய் ஒட்டிக்குது, வேண்டாம். "பதமறிதல்" எப்படி இருக்கு? பதமறிந்த ஊடகம், பதமறிய 15 குடுவை வச்சோம், காரணிகளைச் சலித்துப் பதமறிதல். "ங்க" சத்தமே வரல, அயோடினோட மோதாது. பதமறிஞ்ச அளவை "பதநிலை"ன்னு சொல்லலாம்: சுரப்புக்குப் பதநிலை 37 டிகிரி, நொதிக்கு உகந்த வெப்பநிலை 50 டிகிரி. ஒரே வரியில ரெண்டும் வந்தும் குழப்பம் இல்ல பாருங்க.

நான் இப்ப எழுதிட்டு இருக்கற சுருக்கத்துல இதையே போட்டுட்டேன். மறுப்பு இருக்கறவங்க வெள்ளிக்கெழமைக்குள்ள எழுதுங்க, அன்னிக்குத்தான் அச்சுக்கு அனுப்பறேன்.