பங்காளி ஜெயித்தால் கைதட்டுவதா?

கொலம்பஸ்காரன்:
அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம்) மிச்சிகன் பல்கலையோடு ஆட்டம் வருகிற நவம்பர் வாரத்தில் எங்கள் ஊர் கொலம்பஸைப் பார்க்க வேண்டும். எங்கள் ஓஹாயோ ஸ்டேட் பல்கலை வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்து எங்கே இருந்தாலும் அதன்மேல் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி ஒட்டிவிடுவார்கள். மிச்சிகன் என்ற பெயரைச் சிலர் வாயாலேயே சொல்ல மாட்டார்கள், "வடக்கே இருக்கிற அந்த டீம்" அவ்வளவுதான். இதெல்லாம் பழைய கதை, விடுங்கள். நம்மை அடித்துவிட்டு அவர்கள் தேசிய இறுதி ஆட்டத்துக்கும் போய்விட்டால் அன்றைக்கு யாருக்குக் கைதட்டுவது? இரண்டு பேரும் ஒரே பிக் டென் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடுகிற பல்கலைகளின் கூட்டமைப்பு), வருமானமும் பொதுவில் வந்து பங்காகிறது, பங்காளிகள்தானே.

2024 ஜனவரி 8, ஹூஸ்டனில் தேசிய இறுதி ஆட்டம், மிச்சிகனும் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலையும். கொலம்பஸை அடுத்த டப்ளின் பக்கம் நண்பர் வீட்டில் கூடிப் பார்த்தோம். அடுத்த வீட்டு அமெரிக்கப் பெரியவர் வாஷிங்டனின் ஊதாச் சட்டையில் வந்து சேர்ந்தார். சியாட்டில் பக்கமே அவர் போனதில்லை, சட்டையை இந்த ஒரு ராத்திரிக்காகவே வாங்கியிருக்கிறார். அவர் மருமகன், "மாமா, பிக் டென் மானம் என்ன ஆவது?" என்று கேட்டார் (அமெரிக்கர்தான், தமிழில் சொன்னால் அப்படித்தான் வரும்). பெரியவர் அசரவில்லை. "ஆகஸ்டில் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு வந்துவிடும். மானத்தை அவர்களே காப்பாற்றட்டும்" என்றார். 34-13 என்று மிச்சிகன் ஜெயித்தது, அவர் அதுவரை உட்காரவில்லை.

உங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள்? நடந்ததைச் சொல்லுங்கள்.

ஹன்ட்ஸ்வில்வாசி:
அலபாமாவில் குடியேறினால் முதலில் கேட்பது "அலபாமாவா, ஆபர்னா?" என்றுதான், இரண்டும் இந்த மாநிலத்துப் பல்கலைகள். எனக்கு ரெண்டும் இல்லை என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆனால் இங்கே இன்னொரு பழக்கமும் உண்டு, தன் டீம் ஆடாத ஆட்டத்தில்கூட "எஸ்.ஈ.சி! எஸ்.ஈ.சி!" என்று இந்த இரண்டும் இருக்கிற தென்மாநில கான்ஃபரன்ஸின் பெயரைச் சேர்ந்து கத்துவது. 2006 சீசன் முதல் 2012 வரை ஏழு தேசியப் பட்டமும் வரிசையாக இந்த ஒரே கான்ஃபரன்ஸுக்கு வந்தது, திமிர் இருக்கத்தானே செய்யும்.

2013 நவம்பர் 30 அன்று ஆட்டத்தின் கடைசி நொடியில் அலபாமா ஃபீல்ட் கோலுக்கு (கம்பங்களுக்கு நடுவே போக வேண்டிய உதை) உதைத்த பந்து எட்டாமல் விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைத் தன் எல்லையில் பிடித்து மைதானம் முழுக்க ஓடி எதிர் எல்லையைத் தொட்டு டச்டவுன் போட்டார். 34-28. மறுவாரம் எங்கள் ஆபீசில் பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஆபர்னே ஜனவரியில் ஃபுளோரிடா ஸ்டேட்டுடன் இறுதி ஆட்டத்துக்குப் போனது. எங்கள் மேலாளர் தீவிர அலபாமா. எஸ்.ஈ.சி-க்கு வரிசையாக எட்டாவது பட்டம், தெற்கின் கௌரவம், இந்த முறை ஆபர்ன்தான் என்று ஒரு வாரம் பிரசங்கம் செய்தார். அவர் வீட்டில்தான் ஆட்டம் பார்த்தோம். 13 நொடி பாக்கி இருக்கும்போது ஃபுளோரிடா ஸ்டேட் டச்டவுன் போட்டதே, சோபாவிலிருந்து முதலில் எகிறிக் குதித்தது அவர்தான்! வாரம் பூரா பேசிய கௌரவம் போன இடம் தெரியவில்லை.

இதன் கோர முகத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் ஆபர்ன் 24 புள்ளி பின்தங்கி இருந்து அலபாமாவை அடித்த பிறகு, ஆபர்ன் ஊர் நடுவில் டூமர்ஸ் கார்னரில் நின்ற பழைய ஓக் மரங்களுக்கு ஒரு அலபாமா ரசிகர் விஷம் வைத்தார், சிறைக்கும் போனார். மரங்கள் பிழைக்கவில்லை. ஆனால் 2011 ஏப்ரலில் அலபாமா பல்கலை இருக்கிற டஸ்கலூசாவைச் சூறாவளி துவைத்துப் போட்டபோது, டூமர்ஸ் பெயரிலேயே உதவிக் குழு திரட்டி லாரி லாரியாகச் சாமான் அனுப்பியவர்கள் ஆபர்ன் ரசிகர்கள். மரத்துக்கு விஷம் வைத்த செய்தி வந்து சில மாதம்கூட ஆகாத நேரம் அது. அதே கூட்டம்தான் இலையுதிர் காலம் வந்ததும் திரும்பவும் டஸ்கலூசாவைத் திட்டியது.

கோர்வாலிஸ்:
உங்களுக்காவது கான்ஃபரன்ஸ் இருக்கிறது. மேற்குக் கரையின் எங்கள் பேக்-12 கான்ஃபரன்ஸிலிருந்து 2024-ல் பத்துப் பல்கலைகள் போய்விட, எங்கள் ஊர் ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சினோம். பக்கத்து ஊர் ஓரிகன் பல்கலை, டிவி பணத்துக்காகப் பிக் டென்னுக்கு ஓடியது. 2025 புத்தாண்டு அன்று ரோஸ் போல் என்கிற காலிறுதியில் ஓஹாயோ ஸ்டேட் அவர்களை 41-21 என்று புரட்டி எடுத்தபோது எங்கள் தெருவில் கேட்ட சத்தம் கொலம்பஸில்கூடக் கேட்டிருக்காது. நன்றி கொலம்பஸ்காரரே.

கேரி அம்மா:
இங்கே நார்த் கரோலைனாவில் கூடைப்பந்துதான் எல்லாம். என் மகன் படிப்பது சேப்பல் ஹில்லில் நார்த் கரோலைனா பல்கலை, அக்கா மகள் பத்து மைல் தள்ளி டியூக் பல்கலை, இரண்டும் ஒரே கான்ஃபரன்ஸ். 2022 ஏப்ரலில் தேசியத் தொடரின் அரையிறுதியில் இரண்டும் மோதின, டியூக் பயிற்சியாளர் ஷஷெவ்ஸ்கியின் கடைசி ஆட்டமாக அது முடிந்தது, கரோலைனா 81-77. அடுத்து கரோலைனாவுக்கும் கேன்சஸுக்கும் இறுதி. பாதி ஆட்டத்தில் கரோலைனா 15 புள்ளி முன்னால். அப்புறம் கேன்சஸ் ஏறி வர வர என் வீட்டு ஹாலில் அக்கா மகள் முகம் மலர்ந்துகொண்டே போனது. 72-69-ல் கேன்சஸ் ஜெயித்ததும் மகன் கோபத்தில், "உன் காலேஜுக்கும் இதில் காசு வருது தெரியுமா?" என்று கத்தினான்.

அவள் பொருளாதாரம் படிக்கிறவள். சிரித்துக்கொண்டே விளக்கினாள். போட்டித் தொடரில் ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு யூனிட் கான்ஃபரன்ஸ் கணக்கில் ஏறும், ஆறு வருஷம் தவணையாகப் பணம் வரும். ஆனால் இறுதி ஆட்டத்துக்கு யூனிட் கிடையாது. "அரையிறுதி வரை உங்களால் எங்களுக்கு லாபம். இன்றைக்கு நீங்கள் ஜெயித்தால் எனக்கு என்ன வரும்?" மகனிடம் பதில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

கொலம்பஸ்காரன்:
அம்மா, கால்பந்திலும் அதே கணக்குதான். 2024-ல் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) 12 டீமாக ஆனபோது, நுழைந்தால் கான்ஃபரன்ஸுக்கு 40 லட்சம் டாலர், காலிறுதிக்கு இன்னொரு 40, அரையிறுதிக்கு 60, இறுதிக்கு 60 என்று வைத்தார்கள். எல்லாம் அந்தக் கட்டத்துக்கு வந்து சேர்ந்ததற்கான பணம், கோப்பையைத் தூக்கினால் கூடுதலாக ஒன்றும் இல்லை. ஆக டிசம்பரில் பங்காளிக்குக் கைதட்டினால் நியாயம் உண்டு. இறுதி ஆட்டத்தன்று வயிறு சொல்கிறபடி செய்யலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஊதாச் சட்டைப் பெரியவரிடம் இதைச் சொல்ல வேண்டும், சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போன கதையின் மறுபாதியும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று எங்கள் மைதானத்திலேயே மிச்சிகன் எங்களை 13-10 என்று அடித்தது. அவர்கள் நடுமைதானத்தில் கொடி நட வர, கைகலப்பாகி, போலீஸ் பெப்பர் ஸ்பிரே அடிக்க, இரண்டு பல்கலைக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். ஆனால் இறுதிக்குப் போனது நாங்கள். எதிரே நோட்டர் டேம் பல்கலை, அதுவும் மிச்சிகனுக்குப் பழைய விரோதி. மிச்சிகன் பல்கலை இருக்கிற ஆன் ஆர்பரில் என் நண்பனைக் கூப்பிட்டு, "யாருக்குடா கைதட்டப் போறே?" என்றேன். யோசித்துவிட்டு, "உங்களுக்குத்தான்" என்றான். நான் நெகிழ்ந்தே போனேன்.

ஓஹாயோ ஸ்டேட் 34-23. கோப்பையைக் கையில் வாங்குவதற்குள் அவனிடமிருந்து செய்தி: "சாம்பியனை அவன் வீட்டிலேயே அடித்தது யாரு? 13-10."