பதினஞ்சு லட்சம் யாருக்கு?

குழு: வடக்குத்தெரு சொந்தபந்தம்

செல்வி: பிச்சாவரம் அலையாத்திக் காட்டுல கண்டல் கண்ணு நடப் போறவங்களுக்கு ஆளுக்கு அம்பதாயிரம் பேங்க்ல ஏறுமாம். ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ், கூட 200 ரூபா. டீக்கடைகிட்ட உக்காந்து வாங்குறாங்க. குடுக்கலாமா?

குமார்: 200 எதுக்கு?

கலா அத்தை: எதிர்வீட்டுல குடுத்துட்டாங்க

மணி மாமா: யாரும் குடுக்காதீங்க. அரசாங்கத் திட்டத்துல சேர இப்படி டீக்கடையில காசு வாங்க மாட்டாங்க. ஆளுக்கு 50,000ங்கிறதும் கிடையாது. வன்தன் மையத்தைத்தான் இழுத்துப் பேசுறாங்கன்னு நினைக்கிறேன். பழங்குடி சுயஉதவிக் குழுக்கள் சேர்ந்து 300 பேர் ஆனா ஒரு மையம். தலைக்கு 5,000 கணக்குப் போட்டு மையத்துக்கு 15 லட்சம் வரைக்கும். அது பயிற்சிக்கும் கருவிக்கும், காட்டுப் பொருளைத் தரம் பிரிச்சு விக்கிறதுக்கும். நம்ம கையில வராது.

குமார்: நம்ம தெருவுல ஏது 300 பேர்

செல்வி: தெக்குக் குடியிருப்பையும் சேத்தா வரும்

கலா அத்தை: அவங்களோட சேர மாட்டேன். சங்கத்து நோட்டை இன்னும் குடுக்கல

ரவி: அத்தை அது எந்தக் காலத்துக் கதை

கலா அத்தை: நோட்டு வந்துச்சா?

மணி மாமா: நோட்டு அப்புறம். 15 லட்சத்துக்கு முன்னாடி நாம கேக்க வேண்டியது உரிமை. 2006 வன உரிமைச் சட்டத்துல பிரிவு 3(1)(டி) மீனு, இறாலு, நண்டு எல்லாத்துக்கும் பொருந்தும். தண்ணியில கிடைக்கிறதைப் பிடிக்கிற சமூக உரிமை அது. அதுக்கு படிவம் பி. காட்டைக் காப்பாத்தி நிர்வாகம் பண்ற உரிமை 3(1)(ஐ). அதுக்கு படிவம் சி. ரெண்டையும் சேத்துப் போடணும். உரிமைப் பத்திரம், அதான் பட்டயம், கிடைச்சவங்களுக்குத் திட்டங்களைக் கொண்டுவந்து சேக்குறது மாநில அரசோட பொறுப்புன்னு விதி 16ல இருக்கு. பட்டயம் இருந்தா கேட்டு வாங்கலாம். இல்லன்னா நடவு நாளுக்குக் கூலி, அதோட சரி.

ரவி: 75 வருச ஆதாரம் கேப்பாங்களே

மணி மாமா: அது பழங்குடி அல்லாதவங்களுக்கு. இருளர் பழங்குடியான நமக்கு 13.12.2005க்கு முன்னாடி இருந்து குடியிருந்து காட்டை நம்பிப் பொழைச்சாப் போதும். ரெண்டு சாட்சியம் வேணும். மனு போடாத பெரியவங்க சொல்றதை எழுதி வாங்குனா அதுவும் ஒரு சாட்சியமாச் செல்லும். இந்தக் காகிதம்தான் வேணும்னு கமிட்டி அடம்பிடிக்கக் கூடாதுன்னு 2012 திருத்தத்துலயே வந்துருச்சு.

சரசு பெரியம்மா: பறி கட்டி இறாலு தடவுற எடம் எல்லாம் எழுதணுமா

மணி மாமா: ஆமா பெரியம்மா, வாய்க்கால் பேரோட. வரைபடத்துல குறிக்காத வாய்க்கால் பின்னாடி தகராறு ஆகும்.

செல்வி: மாமா என் பையனுக்கு சாதிச் சான்று இன்னும் வரல, ஸ்கூல்ல கேக்குறாங்க

மணி மாமா: இருளர் சான்று தாசில்தார் குடுக்க முடியாது செல்வி. கோட்டாட்சியர்தான். உன் சான்றையும் அவங்க அப்பா சான்றையும் வெச்சு ஆன்லைன்ல போடு, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமா வை.

ரவி: நடவுக்குன்னு வர்ற மத்திய அரசோட மிஷ்டி திட்டம்?

மணி மாமா: 2023 பட்ஜெட்ல சொன்னது. அது கண்டல் காடு வளர்க்க, காட்டை அழிச்சதுக்கு ஈடாக் கட்டுற காம்பா நிதியோட சேத்து. சிக்கல் என்னன்னா நட்டா மட்டும் போதாது, வாய்க்காலைத் தூரும் எடுக்கணும். முன்னாடி காட்டை மொத்தமா வெட்டுனதுல மண்ணு வெயில்ல காஞ்சு தொட்டி மாதிரி தாழ்ந்துபோச்சு. கடல் ஏத்தத்துல வந்த தண்ணி வத்தத்துல வெளியேறாம நின்னு, உப்பு ஏறி, நட்ட கண்ணு பிழைக்கல. அதுக்குத்தான் மீன்முள் வாய்க்கால். ஓடையிலிருந்து 45 பாகை சாய்ச்சுப் பெரிய வாய்க்கால், அதுலேருந்து சின்னது. மேல அகலமும் அடியில ஒடுக்கமுமா வெட்டணும், நேரா வெட்டுனா கரை சரியும். விதையைச் சரிவுல நடுவாக்குல ஊனணும். ரொம்பக் கீழ ஊனுனா மூழ்கி அழுகும், மேல ஊனுனா காயும்.

ரவி: வருசா வருசம் வண்டல் அடைக்குமே

மணி மாமா: அதேதான். தூர் எடுக்காத வாய்க்காலுக்குள்ள போட்ட கண்ணுக்கு மறுபடி உப்புதான். அதனால தீர்மானத்துல நடவோட மூணு வருசப் பராமரிப்பையும் கேக்கணும். ஆடுமாடு மேயாமப் பாத்துக்கிற காவல் கூலியையும் சேத்து.

குமார்: எப்போ தீர்மானம்

மணி மாமா: அக்டோபர் 2 கிராம சபையில வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கணும். 10லேருந்து 15 பேர், மூணுல ரெண்டு பங்கு பழங்குடி, மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க. குழு வந்த பிறகு மூணு மாசம் மனு வாங்கணும். வன உரிமைத் தீர்மானத்துக்குப் பாதிப் பேராவது கூட்டத்துல இருக்கணும், அதுல மூணுல ஒண்ணு பொம்பளைங்க. ஆள் குறைஞ்சா தீர்மானம் செல்லாது. அதை வெச்சே மனுவைத் தள்ளிவிடுவாங்க.

கலா அத்தை: அன்னைக்குத்தான் சின்னக்குட்டிக்குக் காதுகுத்து. மண்டபத்துக்கு முன்பணம் குடுத்தாச்சு

சரசு பெரியம்மா: தாய்மாமன் வராமலா

கலா அத்தை: அதான் மணியைக் கேளு

மணி மாமா: காலையில 10க்குள்ள குத்திருங்க, 11 மணிக்குக் கூட்டம். சாப்பாட்டை ஒரு மணிக்கு வெச்சுக்கலாம்.

கலா அத்தை: ஐயரு 10.30ன்னு சொல்லிருக்காரு

ரவி: தெக்குக் குடியிருப்பையும் கூப்பிடணும், இல்லன்னா பாதி வராது

கலா அத்தை: அவங்களுக்குப் பத்திரிகை வைக்கல

செல்வி: கூட்டத்துக்குத்தான கூப்பிடுறோம்

கலா அத்தை: பாக்கலாம். நோட்டோட வந்தா வரட்டும்

மணி மாமா: கலா அத்தை, ரவி, சாயந்தரம் வீட்டுக்கு வாங்க. தீர்மானத்தை எழுதி வெக்கிறேன். எதைக் குடுத்தாலும் தேதி போட்டு ஒப்புகை வாங்கணும், நகல் ஒண்ணு நம்மகிட்ட.

குமார்: டீக்கடைக்காரங்க என் தெருவுக்கு வந்துட்டாங்க

மணி மாமா: ஜெராக்ஸ் குடுத்தவங்க யார் யாருன்னு பேரைப் போடு. பேங்க்ல சொல்லிவைக்கணும், ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

செல்வி: எதிர்வீட்டு அக்கா போனே எடுக்கல