செயின்ட் டேவிட் கோட்டை: மிச்சமிருப்பதைக் கட்டவா, காக்கவா?

கெடிலக்கரை:
கடலூர் தேவனாம்பட்டினத்துக்குச் செயின்ட் டேவிட் கோட்டை பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இதுதான். 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னர். மதிலிலிருந்து துருத்தி நிற்கும் பீரங்கி மேடை, அந்தக் கொத்தளம் ஒன்றையாவது எழுப்பினால் என்ன? மிச்சச் சுவருக்கு சிமெண்ட் பூசிவிட்டால் கவலை விட்டது.

செங்காவி:
எந்தக் கொத்தளம் சார்? 1690-ல் மராத்தியரிடம் வாங்கியபோது இருந்ததா, 1740-களில் பலப்படுத்தியதா? 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப்போட்டார். புதிதாக ஒன்றைக் கட்டினால் அந்த இடிபாட்டைத்தான் மறைப்பீர்கள்.

சிமெண்ட் பற்றி: செங்கல் சுவரில் தரையிலிருந்து உப்பு ஈரம் ஏறும். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் அது செங்கல்களுக்கு நடுவே உள்ள காரை இணைப்பு வழியே வெளியே வந்து ஆவியாகும். உப்பு பூத்தாலும் காரைதான் உதிரும், அதை மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும். ஈரம் செங்கலுக்குத் திரும்பி, உப்பு உள்ளேயே படிகமாகும். தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று சத்தம் வரும். சிமெண்ட் பட்டை முழுசாக நிற்கும், பின்னால் செங்கல் மாவாகியிருக்கும்.

கெடிலக்கரை:
சுண்ணாம்பும்தானே கடற்கரையில் பொரிந்து விழுகிறது? அதில் சேர்க்கிற கடுக்காயும் வெல்லமும் மந்திரமா?

செங்காவி:
மந்திரமில்லை. வெல்லம் கூடினால் இறுகுவதே தள்ளிப்போகும். பொரிவது பெரும்பாலும் மூன்று காரணத்தால். கடல்மணல், தண்ணீரில் சரியாக நீறாத சுண்ணாம்புக் கட்டி, வெயிலில் ஒரே நாளில் காயவிட்டது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகும், அதற்கு ஈரம் வேண்டும். ஈரம் போனால் வேலை பாதியில் நிற்கும், விரலால் தேய்த்தாலே தூள்.

நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, மூன்று நாலு வாரமாவது தண்ணீருக்கடியில் வையுங்கள். ஈரச்சுவருக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 1 பங்கு நன்றாகச் சுட்ட செங்கல்தூள், 2 பங்கு கழுவிய ஆற்றுமணல். பழைய இணைப்பை 2-3 செ.மீ. ஆழம் சுரண்டி, தூசி ஊதி, நனைத்து, அழுத்தி அடையுங்கள். பத்து நாள் ஈரச்சாக்கு.

குண்டுச்சாலை:
இருவருமே வேரை விட்டுவிட்டீர்கள். அரசங்கன்றைப் பிடுங்கினால் நாலு செங்கல் கூடவே வரும். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அடியோடு அறுத்து, வெட்டு ஈரமாக இருக்கும்போதே களைக்கொல்லி தடவி, பட்டுப்போனபின் அந்த இடுக்கைக் காரையால் அடைக்க வேண்டும். சுவரின் தலைப்பில் தண்ணீர் தேங்காமல் சரிவாகக் காரை போடுங்கள், விதை முளைப்பதே அங்கேதான்.

கெடிலக்கரை அண்ணே, ஆள் வரவேண்டுமென்றால் அந்த 1690 கிரயத்தைக் காட்டுங்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எட்டிய தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. இதுபோல் பத்திரம் வேறெங்கே கிடைக்கும்?

கெடிலக்கரை:
அது நல்ல யோசனை. பக்கத்து ஊரான குண்டு உப்பலவாடியின் பெயரையும் அதோடுதானே சேர்க்கிறார்கள்? சிமெண்டை விட்டுவிடுகிறேன். ஆனால் கொத்தளம் இருந்த எல்லைக்கோட்டையாவது தரையில் செங்கல் பதித்துக் காட்ட வேண்டும்.

செங்காவி:
பதியுங்கள். அடித்தளத்தைத் தோண்டாமல், மேலே மணல் பரப்பி, அதன்மேல்.