நிவாரணச் சாமான் மண்டபத்தில் குவிந்துவிடுகிறது, எப்படிச் சமாளிப்பது?

கூடல்நகர்வாசி:
2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை வெள்ளத்துக்கு மதுரையிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சாமான் திரட்டினோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று கேட்டதும் மனசு பொறுக்காமல் வாட்ஸப்பில் ‘எது இருந்தாலும் கொடுங்கள்’ என்று போட்டுவிட்டோம், அதுதான் தப்பு. ஒரே ராத்திரியில் கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. கிழிந்த பட்டுப்புடவை, ஒற்றைச் செருப்பு, ஒருத்தர் பாதி தீர்ந்த ஊறுகாய் பாட்டில்கூட வைத்துவிட்டுப் போயிருந்தார். பால் பவுடர் எந்த மூட்டையில் கிடக்கிறது என்று தேடவே அரை நாள் போனது, வண்டி கிளம்பும்போது பிரெட்டில் பூசணம். இந்தத் தடவை மழைக்கு முன்னாலேயே ஏற்பாடு செய்து வைக்கலாம் என்றிருக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது?

ஆத்தங்கரைக்காரி:
அண்ணாச்சி, நான் கைநீட்டி வாங்கின பக்கம் இருந்தவள், கொஞ்சம் காரமாக இருந்தால் கோபப்படாதீர்கள். எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கம். தாமிரபரணியும் ஏறி, குளங்களும் உடைந்து, வெள்ளம் வடிந்தபோது வீட்டில் காய்ந்த விறகு ஒரு சுள்ளிகூட இல்லை, சிலிண்டர் எங்கேயோ மிதந்து போயிருந்தது. அப்போது ஒரு வண்டி வந்து ஆளுக்கு அஞ்சு கிலோ பச்சரிசி கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போனது. அதை வைத்து என்ன செய்ய? முதல் மூன்று நாளைக்கு அடுப்பு கேட்கிற எதுவும் வேண்டாம். தண்ணீர், பிஸ்கட், அவல், பொட்டுக்கடலை, பிளாஸ்டிக் கவரில் சுற்றின தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. சோறு என்றால் புளியோதரை, எங்களுக்கு வந்த சாம்பார் சாதம் வழியிலேயே ஊசிப்போயிருந்தது. அப்புறம்தான் விளக்குமாறு, மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், பாய், பாத்திரம் எல்லாம், அரிசியும் அப்போது கொண்டுவாருங்கள். நாப்கினை, நாலு ஆம்பிளைகள் வண்டி மேலே நின்று கூவிக் கொடுத்தால் ஒருத்தியும் வாங்க மாட்டாள். பேப்பரில் சுற்றி, ஊர்ப் பெண் ஒருத்தி கையில் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள்.

குட்டியானை ஓனர்:
தண்ணீர்க் கேனை மதுரையிலிருந்து ஏற்றாதீர்கள். கேன் ஒன்று 20 கிலோ, குட்டியானையில் முக்கால் டன் ஏற்றலாம், ஆக 35 கேனோடு வண்டி முடிந்தது. ஆயிரம் பேருக்குக் குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் என்றாலும் ஒரு நாளைக்கு நாலு நடைக்கு மேல் ஆகும். வெள்ளம் தொடாத பக்கத்து டவுனில் லாரித் தண்ணீர் பேசுங்கள், கூடவே குளோரின் மாத்திரை. கடைசி ஊருக்குப் போகிற சரக்கை முதலில் ஏற்றுங்கள், மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மெயின் ரோட்டில் வண்டியை மறிப்பார்கள், அவர்களுக்கும் பசிதானே, அதற்கென்று ஐம்பது பையை டிரைவர் பக்கத்தில் தனியாக வைத்துக்கொண்டால் மிச்சம் உள்ளே போய்ச் சேரும்.

மண்டபக் கணக்கப்பிள்ளை:
சாமான் சேர்க்கிறதுக்கு முன்னால் பைக்கில் ஒரு ஆளை அனுப்பி, எந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். ரேஷன் கடையில் எத்தனை கார்டு என்று விசாரித்தால் குடும்பக் கணக்கு ஓரளவு கிடைத்துவிடும். கார்டில்லாத உப்பளத் தொழிலாளிகள், வெளிமாநிலத்துப் பையன்களைத் தனியாகக் கேட்க வேண்டும், அவர்கள்தான் எப்போதும் விடுபடுவார்கள். மண்டபத்தில் ஒரு வாசலில் வரவு, இன்னொரு வாசலில் போக்கு, இரண்டிலும் ஒரு நோட்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பை என்று கட்டி எண் போட்டுவிடுங்கள், பிரிக்காத மூட்டை வண்டி ஏறவே கூடாது. பக்கத்து ஊர்களையும் மறக்காதீர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயிலில் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டபோது சுற்றுவட்டார ஜனங்கள்தான் சோறாக்கிப் போட்டார்கள். அந்த மாதிரி ஊரில் அடுப்பு பற்றவைக்க ஆள் இருந்தால், நீங்கள் பத்துச் சிப்பம் அரிசியும் பருப்பும் இறக்கினாலே போதும்.

கூடல்நகர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. பழைய துணி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எங்கள் அத்தையே இப்போதே இரண்டு மூட்டை கட்டி வைத்திருக்கிறார்.

ஆத்தங்கரைக்காரி:
பருத்தியாக இருந்தால் கிழித்துக் கட்டாகக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள், சேறு துடைக்க ஆகும். பட்டுப்புடவையை அவரையே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.