மறுமொழி: ஏர் டேங்க் கையேடு – ‘கேஜ் பிரஷர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கம்ப்ரஸர் அழுத்தித் தரும் காற்றைச் சேமிக்கும் ஏர் டேங்குக்கான கையேட்டைத் தமிழாக்குகிறோம். அதில் பிரஷர் கேஜ் என்ற கருவிக்கும், அது காட்டும் அழுத்தமான ‘கேஜ் பிரஷர்’ என்பதற்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தோம். வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். கருவிக்கு ‘அழுத்தமானி’ போதும். காற்றுத் தொட்டியில் இருப்பதால் ‘காற்றழுத்தமானி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வேண்டாம், அந்தப் பெயரை ஏற்கெனவே வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் பாரமானிக்குக் கொடுத்துவிட்டோம்.

சிக்கல் கேஜ் பிரஷரில்தான்.

> மிகையழுத்தம் எனலாமே? வெளிக்காற்றைவிட மிகையாக இருப்பது.

பொருள் சரி. ஆனால் இதே கையேட்டில் சேஃப்டி வால்வுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. வரம்பு மீறி ஏறும் அழுத்தத்தை அங்கே எப்படிச் சொல்வீர்கள்? ‘மிகையழுத்தம் 7’ என்று படிக்கும் ஃபிட்டர் கம்ப்ரஸரை நிறுத்த ஓடுவார்.

> முள்ளழுத்தம்?

இது எனக்குப் பிடித்தது. “முள்ளு எவ்ளோ காட்டுது?” “ஏழு கிலோ” என்பதுதான் பட்டறைப் பேச்சு. (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது பார் என்ற அழுத்த அலகில் 0.98. இந்தக் ‘கிலோ’வைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.) ஆனால் டிஜிட்டல் மானியில் முள் கிடையாது. அதைவிட, முள் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதை இந்தச் சொல் காட்டவில்லை.

மானிக்குள் இருப்பது போர்டான் குழாய். 1849-இல் பிரான்சில் யூஜின் போர்டான் காப்புரிமை பெற்றது. வளைந்த, தட்டையான குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். குழாயை வெளியிலிருந்து ஊர்க்காற்றும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆக முள் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும். வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால், முள் 7-இல் நின்றால் உள்ளே உண்மையில் ஏறத்தாழ 8. 500 லிட்டர் டேங்கில் அப்போது சுமார் 4000 லிட்டர் வெளிக்காற்று அடைபட்டிருக்கும். திறந்துவிட்டால் 3500 வெளியேறும். மீதி 500 உள்ளேயே கிடக்கும், முள் சுழிக்கு (0) வந்துவிடும். ஊட்டியில் வெளிக்காற்றே முக்கால் பாருக்குச் சற்று மேல்தான் என்பதால், அங்கே அதே சுழிக்கு உள்ளிருக்கும் காற்று சென்னையைவிடக் குறைவு.

எனவே என் வாக்கு ‘சார்பழுத்தம்’. வெற்றிடத்திலிருந்து எண்ணும் அப்சல்யூட் பிரஷருக்கு ‘தனியழுத்தம்’. தனி வெப்பநிலை, சார்பு என்றெல்லாம் பாடநூல்களில் பழகிய இணைதான். எதைச் சார்ந்தது என்று படிப்பவர் கேட்டால் நல்லது, கேட்கட்டும்.

இது வெறும் சொல் அழகுக்காக இல்லை. வரைவின் இரண்டாம் பக்கத்தில் ‘முள் சுழியில் இருந்தால் டேங்க் காலி, மூடியைக் கழற்றலாம்’ என்று இருக்கிறது. அந்த வரியை இப்போதே எடுத்துவிடுங்கள். 0–16 கிலோ முகப்பு (டயல்), முழு அளவில் 1.6 விழுக்காடு பிழையை அனுமதிக்கும் வகை என்று வைத்துக்கொண்டால், அனுமதிக்கப்பட்ட பிழையே கால் கிலோ. வெறும் 0.2 கிலோ உள்ளே மிச்சமிருந்தால் கண்ணுக்கு அது சுழிதான். ஆனால் 40 செ.மீ. குறுக்களவுள்ள மேன்ஹோல் மூடியின் மேல் அது சுமார் 250 கிலோ விசை. போல்ட்டைத் தளர்த்துபவர் கதி என்ன? மானிக்குப் போகும் துளையில் எண்ணெய்க் கசடும் துருவும் அடைத்து, முள் பழைய இடத்திலேயே நின்றுபோவதும் உண்டு. டிரெய்ன் காக்கை (வடிகால் திருகை) திறந்து, காற்று வருவது நின்றபின்பும் அதைத் திறந்தே வைத்திருந்துதான் மூடியில் கை வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். டிரெய்னும் அடைக்கும், ஆகையால் மானி, டிரெய்ன் இரண்டையும் பாருங்கள்.

முகப்புத் தேர்வு பற்றிய பத்தி சரியாக இருக்கிறது: பாதுகாப்பான அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல், இரண்டு மடங்குக்கு மிகாமல், அந்த அழுத்தத்தில் சிவப்புக் கோட்டுடன். சோதனை மானி பொருத்தத் தனி நிப்பிளும் (இணைப்புக் குழாய்) வால்வும் வேண்டும் என்பதைச் சேர்க்கவும். சுழியில் சரியாக நிற்கும் முள் 7-இலும் சரியாக நிற்கும் என்று சொல்ல முடியாது. சோதனை மானியோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

கடைசியாக, ஸ்டாப் பின். சுழிக்குக் கீழே முள் இறங்காமல் தடுக்கும் சின்னக் கம்பி. வரைவில் ‘தடுப்பூசி’ என்று வந்திருக்கிறது! மொழிபெயர்த்த நண்பர் கோபிக்க வேண்டாம், ஆனால் டேங்குக்கு அம்மை வராது. ‘தடுப்பு முளை’ என்று மாற்றியிருக்கிறேன். கூடவே ஒரு வரி: சுழிக்குக் கீழே போக முயலும் முள்ளை இந்த முளை தாங்கிப் பிடித்து, பிழையை மறைத்துவிடும், முளை உள்ள மானியில் சுழியை மட்டும் பார்த்து ‘நல்ல நிலை’ என்று பதிவேட்டில் எழுதக்கூடாது.

சார்பழுத்தத்துக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். அதன்பின் சொல்லடைவை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.